பழைய பண்ணை வீட்டைச் சீரமைக்கப் போகிறீர்களா? முதலில் அதன் கதையைப் படியுங்கள்

பழைய பண்ணை வீடு ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதல் வாரத்திலேயே கடப்பாரையை எடுத்துவிடுகிறார்கள். பூச்சு உதிர்கிறதா, தட்டிவிடு. ஓடு பழசா, இறக்கு. ஜன்னல் இறுகுகிறதா, கழற்றிப் போடு. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். ஒழுகுகிற இடத்தில் தார்ப்பாய் போட்டு, விழுந்துவிடும் போலிருக்கிற உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, பழைய மின்கம்பிகளின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சுவர் காலையில் ஈரமாக இருந்து மாலைக்குள் காய்கிறது, எந்தக் கதவு மழை நாளில் மட்டும் நிலையில் இறுகுகிறது என்றெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பின்னால் செலவாகப் போகிற பணத்தில் பெரும்பகுதியை இந்த நோட்டு மிச்சப்படுத்தும்.

பண்ணை வீடுகள் பெரும்பாலும் ஒரே மூச்சில், ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. விளைச்சல் நன்றாக இருந்த வருஷம் ஒரு அறை, மாடு கூடின வருஷம் ஒரு தொழுவம், பிள்ளைகள் பெருகியபோது ஒரு மச்சு என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை. கட்டியவர்கள் பக்கத்தில் கிடைத்த மண்ணையும் கல்லையும் மரத்தையும் வைத்தே கட்டினார்கள். அங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி அவ்வளவு தூரம் நீண்டிருப்பது சுவரில் மழை படக்கூடாது என்பதற்காக. தரைக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை, பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போவதற்காக. அது எதற்கு என்று தெரியாமல் அடைத்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகும், சில வருஷத்தில் தரைப் பலகை உளுத்துப்போகும். அதனால்தான் சொல்கிறேன், வீட்டின் வரலாற்றைத் தேடுவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். எதை எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கான முதல் வழிகாட்டியே அதுதான்.

காகிதத்தில் தேடுவது

பத்திரங்கள், நில அளவை வரைபடங்கள், வரிப் பதிவேடுகள், பாகப்பிரிவினைக் காகிதங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கில்தான் ஆரம்பிக்க வேண்டும். அரசாங்கங்கள் வரி வசூலிக்க ஆசைப்பட்ட காலங்களில்தான் கிராமத்து வீடுகள் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறின. பிரான்ஸில் நெப்போலியன் காலத்தில் 1807-ல் தொடங்கிய நில அளவை வரைபடங்களும், இங்கிலாந்தில் தேவாலயத்துக்குக் கொடுக்கும் தசமபாக வரி பற்றிய 1836-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராகத் தயாரிக்கப்பட்ட வரைபடங்களும் இன்றும் பண்ணை வீடுகளின் வயதைத் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி.

ஒரு சிக்கல் உண்டு. பத்திரம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றித்தான் பேசும், வீட்டைப் பற்றி ஒரு வரி இருந்தாலே பெரிசு. பத்திரத்தில் இருக்கும் வருஷத்தை வீட்டின் வயது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெவ்வேறு வருஷத்து வரைபடங்களை ஒரே அளவுக்கு மாற்றி, மெல்லிய தாளில் வீட்டின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் வரைபடத்தில் நீளமான ஒரு பெட்டியாக இருக்கும், அடுத்ததில் பின்பக்கம் ஒரு வால் முளைத்திருக்கும், அதற்கடுத்ததில் தொழுவம் காணாமல் போயிருக்கும். எந்தச் சுவர் பழையது, எந்தச் சுவர் பிற்பாடு ஒட்டியது என்பது அப்போதே பாதி புரிந்துவிடும்.

அப்புறம் பெரியவர்களிடம் கேளுங்கள். "இந்த வீடு எத்தனை வருஷத்துப் பழசு?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும், ரொம்பப் பழசு. மாடு எங்கே கட்டினார்கள், அடுப்பு எந்தச் சுவரோரம் இருந்தது, வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது, இந்தக் கதவை யார் அடைத்தார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். அடுப்பும் மாடும் இருந்த இடம் ரொம்ப முக்கியம். மாடு கட்டிய இடத்துச் சுவரில் பல வருஷத்துச் சிறுநீரின் உப்பு ஊறியிருக்கும், அந்தச் சுவர் ஈரக்காற்று அடிக்கும்போதெல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். ஒழுகல் எதுவும் இல்லாத சுவர் ஏன் நனைந்து நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீடே சொல்லும் சாட்சிகள்

காகிதம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மச்சுக்குள் ஏறுங்கள். கூரையின் உள்பக்கத்தை யாரும் அழகுபடுத்த மெனக்கெடுவதில்லை, அதனால் அங்கேதான் பழைய தடயங்கள் அப்படியே இருக்கும்.

முதலில் மரத்தின் மேல் இருக்கும் வெட்டுத் தடங்களைப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் மரத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் தடங்கள் நிழல் கட்டித் தெரியும். கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கிய மரத்தில் ஆழமற்ற சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். இரண்டு பேர் மேலும் கீழும் நின்று கையால் அறுத்த மரத்தில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். வளைவு வளைவாகக் கோடு விழுந்திருந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்தது, அந்த வகை ரம்பம் மேற்கு நாட்டு மர ஆலைகளில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவலானது.

ஆணிகளும் பேசும். நான்கு பக்கமும் கூராகச் சரிந்து, தலையில் சுத்தியல் அடி தெரிந்தால் கொல்லர் அடித்த ஆணி. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரண்டும் இணையாக இருந்தால் இயந்திரம் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி இதுதான். உருண்டையான கம்பி ஆணி அங்கே 1890-களில் சாதாரணமாகிவிட்டது. மற்ற பல நாடுகளில் கொல்லர் ஆணி இன்னும் ரொம்ப நாள் புழங்கியது, அதனால் ஆணியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

கூரை ஓடுகளைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டை ஓடு 1841-ல் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஒரு கண்டுபிடிப்பு. அதே வகை ஓடுகளை மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் செய்ய ஆரம்பித்தார், அது கடல் கடந்தும் போனது. இந்த வகை ஓடுகளின் பின்பக்கம் பெரும்பாலும் தொழிற்சாலையின் பெயரும் சின்னமும் அச்சாகியிருக்கும், சிலவற்றில் வருஷமும் இருக்கும். செங்கல்லின் அளவும் ஒரு சாட்சி. இங்கிலாந்தில் 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில் வரி இருந்ததால் பெரிய செங்கல்லாக வார்த்து வரியைக் குறைக்கப் பார்த்தார்கள். அங்கே 1696-லிருந்து 1851 வரை ஜன்னலுக்கும் வரி இருந்தது, அந்தக் காலத்தில் அடைக்கப்பட்ட ஜன்னல்கள் இன்னும் பல வீடுகளில் அப்படியே நிற்கின்றன.

கைமரங்களில் கரி படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புகைபோக்கி இல்லாத காலத்தில் வீட்டு நடுவில் திறந்த அடுப்பு எரிந்திருந்தால் கூரை மரம் முழுக்கக் கறுத்திருக்கும். இதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். ஜப்பானின் ஷிரகாவா-கோ கிராமத்தில் (1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) செங்குத்தான புல் கூரை வேய்ந்த பெரிய பண்ணை வீடுகளில் கீழே அடுப்பு எரியும், மேல்தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள், அடுப்புப் புகைதான் கூரைப் புல்லையும் அதைக் கட்டிய கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காத்து வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படிப்பட்ட கூரையை மட்டும் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

மரத்தின் வயதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிடும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானியலாளர் உருவாக்கிய முறை இது, 1929-ல் அமெரிக்கப் பழங்குடிகளின் பழைய பியூப்லோ குடியிருப்புகளின் வயதை இப்படித்தான் கணக்கிட்டார். ஓக் போல வளையம் தெளிவாக விழும் மரத்தில் இது நன்றாக வேலை செய்யும், வெப்ப நாட்டு மரங்களில் தேக்கு போன்ற சிலவற்றில்தான் வளையம் ஒழுங்காகத் தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மரத்தில் மிச்சமிருந்தால் மட்டுமே மரம் வெட்டிய வருஷத்தைச் சரியாகச் சொல்ல முடியும்.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. உத்திரத்தில் எதுவும் பொருந்தாத வெற்றுத் துளைகளும் காடிகளும் இருந்தால் அந்த மரம் வேறொரு கட்டடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். விவசாயிகள் நல்ல மரத்தை ஒருநாளும் வீணாக்கியதில்லை. அப்படியிருக்கையில் உத்திரத்தின் வயது ஒன்று, வீட்டின் வயது இன்னொன்று.

தண்ணீரை நிறுத்தாமல் வேறு எதையும் தொடாதீர்கள்

சீரமைப்பு வரிசை எனக்குத் தெரிந்து ஒன்றுதான், மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே. கூரை, மழைநீர்த் தூம்பு, வீட்டைச் சுற்றிய தரை, சுவர், மரம், உள்தரை, கடைசியில்தான் வெள்ளை.

கூரையில் ஓடுகளை இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல ஓடு, மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல். நல்ல ஓடுகளையெல்லாம் முன்பக்கச் சரிவில் சேர்த்து, குறைக்குப் புது ஓடுகளைப் பின்பக்கம் போடலாம். கூரை முகடு கொஞ்சம் தொய்ந்திருப்பது மட்டுமே ஆபத்தின் அடையாளம் கிடையாது. பச்சை மரத்தில் கட்டியது காயும்போது வளைந்திருக்கும், அதற்குப் பிறகு நூறு வருஷம் அப்படியே நின்றிருக்கும். மூட்டுகள் விலகுகின்றனவா, கைமரத்தின் அடி சுவரை வெளியே தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி. புல் கூரையை எடுத்துவிட்டு ஓடு போடுவதும், ஓடுகளை எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவதும் பாரத்தைக் கூட்டும், பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை நீங்களே உடைக்கவோ அறுக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும்.

வீட்டைச் சுற்றியுள்ள தரை வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போகும். மண் சேரும், சாணம் சேரும், யாராவது பாதை போடுவார்கள். கடைசியில் வெளித்தரை உள்தரையைவிட மேலே ஏறிவிடும், சுவர் அடியில் ஈரம் ஊற ஆரம்பித்துவிடும். வெளித்தரை உள்தரைக்குக் கீழே 15 முதல் 20 செ.மீ. இருக்கும்படி மண்ணை வழித்தெடுத்து, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். பல வீடுகளில் 'சுவர் ஓதம்' என்று சொல்லி ஊசிபோட்டு மருந்து ஏற்றச் சொல்கிற கோளாறு இதிலேயே சரியாகிவிடும். பழைய வீடுகளுக்குக் கடைக்கால் ஆழம் குறைவு, அதனால் ஒரே நாளில் சுற்றிலும் தோண்டிவிடாதீர்கள், இரண்டு மூன்று அடி நீளமாகப் பார்த்துப் பார்த்துத் தோண்டுங்கள், கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போடுவதும் கெடுதல்தான், தரையில் ஆவியாக வேண்டிய ஈரம் முழுக்கச் சுவர் வழியாக ஏறும்.

சிமென்ட் ஏன் கூடாது

இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வீடுகளை அதிகமாகக் கெடுத்திருப்பது கரையானோ மழையோ இல்லை, நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்ட்தான்.

இன்று நாம் சிமென்ட் என்று சொல்வது 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்ட்டின் வழியில் வந்தது, கிராமத்து வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முன் கட்டிய சுவர்கள் மண்ணிலோ சுண்ணாம்பிலோ நிற்பவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். வீடு காலத்துக்குக் காலம் கொஞ்சம் அசையும், சுண்ணாம்பு அதற்கேற்பக் கொடுக்கும். சிமென்ட் பூச்சு கெட்டியானது, கொடுக்காது. வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பில் மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. கடைசியில் சிமென்ட் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல் மாவாகி உதிரும்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ராஞ்சோஸ் டே தாவோஸ் என்ற ஊரில் பச்சை மண் கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் மண் பூசும் வேலை மிச்சமாகட்டும் என்று 1967-ல் அதற்குச் சிமென்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் தங்கி மண் சுவர் கரைய ஆரம்பித்ததைக் கண்டு 1979-ல் அந்தப் பூச்சை எடுத்துவிட்டு மறுபடி மண் பூச்சுக்கே திரும்பினார்கள். மண் சுவர் உள்ள பண்ணை வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய கதை இது.

சுண்ணாம்பு என்பது என்ன? சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, எடையில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால் காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மெல்ல என்பதைக் கவனியுங்கள். வாரக்கணக்கில், உள்ளே போகப் போக மாதக்கணக்கில். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற சாமான் இல்லை இது.

பழைய சிமென்ட் பூச்சை எடுக்கும்போது சின்ன இடத்தில் முதலில் முயன்று பாருங்கள். செங்கல்லின் முகமும் கூடவே பெயர்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த இடத்தில் வெடிப்புகளைச் சரிசெய்துவிட்டு விட்டுவைப்பதே மேல்.

கல் இடுக்குகளில் காரை நிரப்பும் வேலையை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொறுமை இருந்தால் இதை நாமே கற்றுக்கொண்டு செய்யலாம். முதலில் பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து வினிகரில் போட்டு வையுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் அடியில் தங்கும், அதைக் கழுவிக் காயவைத்துக் கையில் பரப்பிப் பாருங்கள், நிறம் என்ன, பரல் எவ்வளவு, பொடி எவ்வளவு என்று. அதே போன்ற மணலைத் தேடுங்கள். சுண்ணாம்பு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை அந்த மணலே சொல்லும். ஒரு டம்ளர் நிறையக் காய்ந்த மணலை எடுத்து, அளந்த தண்ணீரை மணல் மட்டம் வரும்வரை ஊற்றுங்கள். எவ்வளவு தண்ணீர் பிடித்ததோ, ஏறக்குறைய அவ்வளவு சுண்ணாம்பு வேண்டும், ஏனென்றால் பரலுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தைத்தான் சுண்ணாம்பு நிரப்புகிறது. நல்ல மணலுக்கு மூன்றுக்கு ஒன்று என்று வரும்.

இடுக்கில் இருக்கும் தளர்ந்த காரையை உளியாலும் சின்னச் சுத்தியலாலும் சுரண்டி எடுங்கள், இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மி.மீ. அறுக்கும் மெஷினைப் பயன்படுத்தாதீர்கள், அது செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும், ஒருமுறை தின்றது திரும்ப வராது. தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, சொட்டுகிற ஈரம் வற்றிய பிறகு, இடுக்கைவிட ஒல்லியான கரணையால் காரையை உள்ளே தள்ளி அழுத்துங்கள். செங்கல்லின் முகத்தில் வழியக் கூடாது, கொஞ்சம் உள்வாங்கியே நிற்கட்டும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் பதியும் பதத்துக்கு வந்ததும் கெட்டியான பிரஷ்ஷால் மேற்பரப்பைக் குத்திவிடுங்கள், அப்போதுதான் காற்று உள்ளே போகும். பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, குறைந்தது ஒரு வாரம் வேகமாகக் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர் வெயிலிலும், 5 டிகிரிக்குக் கீழே குளிரும்போதும் இந்த வேலை வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொத்தனாரை வைத்துச் செய்தால் முதலில் ஒரு சதுர மீட்டர் மட்டும் மாதிரிக்குச் செய்யச் சொல்லி, அது காய்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். "சுண்ணாம்போட கொஞ்சம் சிமென்ட் கலந்தா சீக்கிரம் புடிக்கும்" என்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஈரமான இடத்தில் சீக்கிரம் பிடிக்க வேண்டுமென்றால் தண்ணீரிலேயே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு வகைகள் இருக்கின்றன, 2, 3.5, 5 என்று எண் போட்டு வருபவை. எண் கூடக் கூட இறுக்கமும் கூடும், பழைய மென்மையான சுவருக்குச் சின்ன எண்ணே போதும்.

உளுத்த மரம்

கூர்மையான குத்தூசி ஒன்றை வைத்துக்கொண்டு, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடம், நிலையின் அடி, கைமரத்தின் கீழ்முனை என்று ஈரம் தங்கும் இடங்களிலெல்லாம் குத்திப் பாருங்கள். சில மி.மீ. மட்டும் இறங்கி நின்றால் நல்லது. சொத சொதவென்று இறங்கினால் உளுத்திருக்கிறது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால்தான் பூஞ்சை பிழைக்கும், அதனால் ஈரத்தை நிறுத்துவதே முதல் மருந்து. வண்டுத் துளைகளைக் கண்டதும் பதற வேண்டாம், துளையின் ஓரம் மங்கிப்போய், கீழே புதிய பொடி உதிராமல் இருந்தால் பூச்சி போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். கறுப்புத் தாளைக் கீழே விரித்து வைத்து ஒரு பருவம் பார்த்தால் தெரிந்துவிடும். கரையானுக்கு அடையாளம் சுவரில் ஏறும் மண் குழாய்கள், ஒன்றை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள், திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது.

உத்திரத்தின் முனை மட்டும் உளுத்திருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்கிற ஆசாரியை ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் இருபுறமும் முட்டுக் கொடுத்துப் பாரத்தை எடுக்க வேண்டும். உளுத்த பகுதியை வெட்டி, நல்ல மரம் தெரியும் இடத்திலிருந்து நீளமான சாய்வு மூட்டாகச் செதுக்கி, அதே ஜாதி மரத்தில், அதே அளவு காய்ந்த துண்டை, ரேகை ஓட்டம் ஒத்துப்போகும்படி பொருத்த வேண்டும். மூட்டின் நீளம் உத்திரத்தின் உயரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கட்டும், பாரம் தாங்கும் இடமென்றால் பொறியாளர் கணக்குப் பார்க்கட்டும். போல்ட் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். சுவர்ப் பொந்தில் திரும்ப வைக்கும்போது முனைக்கு அடியில் ஒரு தட்டையான கல்லை வைத்து, பக்கவாட்டிலும் முனையிலும் கொஞ்சம் காற்று இடைவெளி விடுங்கள். முதல்முறை உளுத்ததற்குக் காரணமே அந்தப் பொந்தில் சிமென்ட் வைத்து அடைத்ததாக இருக்கலாம். மூட்டில் பழைய தச்சர் போட்ட கோட்டுக் குறிகள் இருந்தால் இழைத்துவிடாதீர்கள். கீழே வைத்துச் செதுக்கிப் பொருத்திப் பார்த்த பிறகு, எது எதோடு சேரும் என்று அவர் எண் போட்டு வைத்தது அது.

ஜன்னலும் இதே மாதிரிதான். பழைய ஜன்னல் பெரும்பாலும் மெதுவாக வளர்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியில் செய்தது, இன்று கடையில் கிடைக்கும் மரம் அந்த அளவுக்கு நிற்காது. கீழ்ச்சட்டத்தில் மட்டும் ஒட்டுப் போட்டு, கண்ணாடிக்கு மக்கு மாற்றி, கீலுக்கு எண்ணெய் விட்டால் போதும். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீடுகளுக்கு ஈயப் பெயிண்டை 1978-ல்தான் தடை செய்தார்கள். நனைத்துச் சுரண்டி, பொடியைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

விரிசலும் தரையும்

விரிசலைக் கண்டால் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அகலத்தை அளந்து எழுதுங்கள், மாதா மாதம் பாருங்கள். மழையில் மூடி வெயிலில் திறந்தால் அடிமண் சுருங்கி விரிகிறது. அசையாமல் நின்றால் பழைய கதை, சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மண் தரையையோ கல் தரையையோ எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் கான்கிரீட் போட்டால் தரைக்கு அடியில் உள்ள ஈரம் ஓரமாக ஒதுங்கிச் சுவரில் ஏறும். சுண்ணாம்புத் தளம் போடலாம், அல்லது கல்லை எண் போட்டு எடுத்து, அடியைச் சமன்படுத்தி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம்.

எந்தக் காலத்துக்குத் திரும்புவது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வீட்டை முதன்முதலில் கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடலாமா? என் பதில், வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களை 'ஆதி வடிவத்துக்கு' கொண்டுவருகிறோம் என்று பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் சுரண்டி எறிந்தபோது, அதை எதிர்த்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877-ல் ஒரு சங்கம் தொடங்கினார், அது இன்றும் இயங்குகிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964-ல் எழுதப்பட்ட சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. பின்னால் சேர்ந்த தொழுவமும் அடைத்த கதவும் அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் வரலாறுதான். பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லாதவரை விட்டுவையுங்கள்.

அதற்காக மியூசியம் போல வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. குளியலறை வேண்டும், சமையலறை வேண்டும், நல்ல மின்சாரம் வேண்டும். அவற்றைப் பிற்காலத்தில் சேர்ந்த பகுதியில் வையுங்கள், பழைய சுவரைக் குடையாமல் குழாயையும் கம்பியையும் சுவருக்கு வெளியே, நாளைக்குக் கழற்ற முடிகிற மாதிரி கொண்டுபோங்கள். குளியலறையின் நீராவிக்கு வெளியே போக வழி வைக்க மறக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசு அறிவித்திருந்தால் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது, வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக வெள்ளை

புதுச் சுண்ணாம்புப் பூச்சு இறுகிய பிறகுதான் வெள்ளை. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண், சுவரின் மூச்சு அடைபட்டுவிடும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, பால் பதத்துக்குக் கொண்டுவந்து, துணியில் வடிகட்டுங்கள். சுவரை நனைத்துவிட்டு, அகலமான மட்டையால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துப் பூசுங்கள். பூசும்போது கண்ணாடி மாதிரி ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும், அதனால் ஆரம்பத்தில் தடியாகப் பூசத் தோன்றும். தடியாகப் பூசினால் பொருக்குப் பொருக்காக உதிரும். மெல்லிசாக நான்கைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள்.

வேலை முடிந்த பிறகு வருகிற முதல் பெரிய மழையின்போது டார்ச்சோடு மச்சுக்குள் ஏறுங்கள், முகட்டையும் புகைபோக்கி ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள், தூம்பு நிரம்பி வழிகிறதா என்று வெளியே வந்தும் பாருங்கள். இலை உதிரும் காலம் முடிந்ததும் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். நீங்கள் எடுத்த படங்கள், வரைபடங்கள், எந்த இடத்தில் எந்தக் கலவை வைத்தீர்கள், எந்த மணல், எந்த மரம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். புதிதாகச் செருகிய மரத்துண்டில், கண்ணுக்குப் படாத பக்கத்தில், வருஷத்தை உளியால் வெட்டிவிடுங்கள்.